இரட்டைக் கண்ணாடி ஜன்னல்

அத்தியாயம் 7

"பாடப் போறது நீங்களாம்மா, இல்ல இந்த நைனாவா?" என்று கேட்டார் படக்கடை தேசப்பன்.

"அம்மாதான் பாடுவாங்க," என்றான் சிங்காரம். "நான் பாடறதா இருந்தா கண்ணாடியே வேணாம். தெருவே காலி பண்ணிட்டுப் போயிடும். அப்புறம் சத்தம் எங்கேருந்து வரும்?"

தேசப்பன் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சிந்தாமல் சிரித்தார். வள்ளிநாயகி சிரிக்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் அவள் சிரித்து சிங்காரம் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அவன் சொன்ன ஜோக்குக்காக இல்லை.

வள்ளிநாயகி இருபது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவள். கூண்டில் ஏறியவர்கள் சொன்ன பொய்யையெல்லாம் வேகவேகமாக எழுதிப் பழகியதில், பொய் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவள் பென்சிலுக்கே தெரிந்துவிட்டது. ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அரக்கோணத்தில் துப்பறியும் நிலையம் திறந்தாள். சிங்காரம் அவளுக்கு உதவியாளாகச் சேர்வதற்கு முன் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டிக்கொண்டிருந்தவன். கொட்டகையை மூடிவிட்டார்கள். அவன் வாயை மூடத்தான் யாராலும் முடியவில்லை.

இன்றைக்கு இருவருக்கும் வேஷம். வள்ளிநாயகி வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை கட்டப் போகும் பக்திப் பாடகி, சிங்காரம் அவள் தம்பி. இடம், திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்தில் கற்பூரக் கடைகளுக்கு நடுவே இருக்கும் தேசப்பனின் கடை. முன்னால் முருகன் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்பார். பின்னால் ஜன்னல் கண்ணாடி வியாபாரம்.

"சத்தம் உள்ள வரக்கூடாதுன்னா ஒத்தக் கண்ணாடி பத்தாதும்மா," என்றார் தேசப்பன். "ரெண்டு போடணும். நடுவுல ஒரு சாண் இடம் விடணும். சுத்தி ரப்பர் குடுக்கணும். சைக்கிள் ட்யூபை அறுத்து வெச்சாலே போதும். ஆனா முக்கியமான விஷயம் அது இல்ல. இத பாருங்க."

ஒரே கனமுள்ள இரண்டு கண்ணாடிகளை எடுத்தார். ஒன்றைக் கீழே வைத்து, ஓரங்களில் கட்டை கொடுத்து, மற்றதை மேலே வைத்தார். மேல் கண்ணாடியில் ஒரு சிட்டிகை விபூதி தூவினார். கீழ்க் கண்ணாடியை விரலால் தட்டினார். மேலே இருந்த விபூதி சிலிர்த்துக்கொண்டு நகர்ந்தது.

"இப்போ பாருங்க." மேலே இருந்ததை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி ஒன்றை வைத்து மறுபடியும் விபூதி தூவித் தட்டினார். விபூதி இருந்த இடத்திலேயே கிடந்தது.

"ஒரே கனம்னா ஒண்ணு ஆடினா இன்னொண்ணும் ஆடும். அதனால ஒண்ணு தடியா, ஒண்ணு மெல்லிசா வாங்கணும். ஒண்ண நேரா நிறுத்தணும், இன்னொண்ணக் கொஞ்சம் சாய்ச்சு நிறுத்தணும். அவ்ளோதான் சூட்சுமம்."

வள்ளிநாயகி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "பாட்டு கேசட் போடறாரே ஜம்புலிங்கம், அவர் வீட்டு ஜன்னலும் நீங்க போட்டதுதானாமே? அதே மாதிரி போட்டுட்டா போதும் எனக்கு."

"ஐயோ, அத வெச்சுப் பாக்காதீங்கம்மா!" தேசப்பன் இரண்டு கைகளையும் ஆட்டினார். "சித்திரை மாசம் வந்தாரு. இதே விபூதி தூவித்தான் காட்டினேன். அவர் சம்சாரம் மணியம்மை கூடவே வந்திருந்தாங்க. சாஞ்ச கண்ணாடி வீட்டுக்கு ஆகாதுன்னுட்டாங்க. ஒண்ணு தடி ஒண்ணு மெல்லிசுன்னா ஜோடி சேராம கீதேன்னு அதுவும் வேணாம்னுட்டாங்க. ரெண்டும் அஞ்சு எம்.எம்., ரெண்டும் நெட்டுக்குத்தலா வாங்கிகினு போய்ட்டாங்க."

"சித்திரையிலயே பொருத்திட்டாங்களா?"

"ஆங், சித்திரையிலயேதான். அவங்க தச்சன் பொருத்தினான். நான் அந்த ரூமுக்குள்ள போய்க் கேட்டதில்ல. ஆனா கேக்கணுமா? எதிர்லயே பவர்லூமு. சத்தம் வராம இருந்திருக்குமா?" தேசப்பன் வெற்றிலையை ஒருபக்கக் கன்னத்துக்குத் தள்ளினார். முகத்தில் ஒரு பெருமை வந்தது. "மொதல்ல என் பேச்ச யாரும் கேக்க மாட்டாங்கம்மா. கடைசியில என் வழிக்குத்தான் வருவாங்க."

வள்ளிநாயகியின் பென்சில் நிற்காமல் ஓடியது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. சிங்காரத்துக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு ஏறியது. கைக்கு எட்டிய இடத்தில் சாய்ந்திருந்த முருகன் படம் ஒன்றைத் தூக்கினான். எதிர்பாராத கனத்தில் கை தாழ்ந்தது.

"இன்னா நைனா, முருகரு இவ்ளோ வெயிட்டு? மயிலுக்கு முதுகு வலிக்காதா?"

"கெடச்ச கண்ணாடில போட்டது நைனா. நல்ல கனம், கீழ விழுந்தாலும் ஒடையாது. நேத்து கிருத்திகைக் கூட்டத்துல எல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணுதான் மீதி."

"அப்ப இது எனக்கு," என்று சிங்காரம் அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டான். புருஷனை போலீஸ் பிடித்துக்கொண்டு போன எல்லம்மாளுக்குக் கொடுக்கலாம். பாவம், அவளும் எத்தனை நாள்தான் வெறுஞ்சுவரைப் பார்த்து அழுவாள்?

வெளியே வந்ததும் வள்ளிநாயகி குடையை விரித்தாள். ஆவணி வெயில் மலைப்படியில் பட்டு முகத்தில் அடித்தது. மணி மூன்று. நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் பக்தவச்சலம் தறிக்காரத் தெருவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"மேடம், இப்பவாவது சொல்லுங்க," என்றான் சிங்காரம். "எனக்குப் பாதி புரியுது, பாதி தேசப்பன் வெத்தலையோட போயிடுச்சு."

வள்ளிநாயகி நடந்துகொண்டே சொன்னாள். அவள் ஒரு வழக்கைச் சொன்னால் தலையும் வாலும் சரியாக இருக்கும்.

இருபத்திரண்டு நாளைக்கு முன்பு, காலை பதினோரு மணி வாக்கில், ஜம்புலிங்கத்தின் வீட்டுப் பக்கத்துச் சந்தில் ஆனந்தன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். ஆனந்தன் ஜம்புலிங்கத்தின் ஆர்மோனியக்காரன். பாட்டுக்கு மெட்டெல்லாம் போட்டது அவன். கேசட் அட்டையில் 'இசை: ஜம்புலிங்கம்' என்று அச்சாகியிருந்தது. இனி என் பேர் இல்லாமல் ஒரு கேசட் வெளியே போகாது என்று ஆனந்தன் அந்த வாரம்தான் சண்டை பிடித்திருந்தான்.

ஆனால் போலீஸ் பிடித்தது ஆறுமுகத்தை. எதிர்க் கொட்டகையில் தறி ஓட்டுகிறவன். தறிச் சத்தத்தில் பாட்டுப் பதிவு கெடுகிறது என்று ஜம்புலிங்கமும் ஆனந்தனும் தினம் வந்து சத்தம் போட, ஒருநாள் அவனும் பொறுக்காமல், 'அந்த ஆர்மோனியப் பொட்டியோட சேத்து ஒன் மண்டையையும் ஒடைக்கிறேன் பாரு' என்று தெருவே கேட்கக் கத்திவிட்டான். வாய் விட்டதுதான் அவன் செய்த குற்றம். கொலை நடந்த நேரத்தில் தறியில்தான் நின்றேன் என்கிறான். அதற்குச் சாட்சி அவன் மனைவி எல்லம்மாள் ஒருத்திதான். மனைவி சாட்சியை யார் மதித்தார்கள்?

ஜம்புலிங்கத்துக்கோ அருமையான சாட்சி இருந்தது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை அறைக்குள் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தானாம். கேசட்டின் மேல் தேதியும் நேரமும் எழுதியிருந்தான்.

"இப்ப கவனி," என்றாள் வள்ளிநாயகி. "அந்தத் தெருவுல பதினோரு பேர் வாக்குமூலம் குடுத்திருக்காங்க. பதினோரு பேரும் ஒரே வரி. 'தறி ஓடிகினு இருந்ததால எந்தச் சத்தமும் கேக்கலீங்க.' ஒரு ஆளோட அலறல் கேக்காத அளவுக்குத் தெரு முழுக்கத் தறி ஓடியிருக்கு. அந்தக் கேசட்டுல ஒரு தறி கூட இல்ல."

"ஜன்னல் சாத்தியிருந்துச்சு, ரெட்டைக் கண்ணாடிங்கறாரே?"

"ஞாயித்துக்கிழமை நாம உள்ள போனோமே. உனக்கு என்ன கேட்டுச்சு?"

சிங்காரத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கல்யாணப் பாட்டு பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இருவரும் போன ஞாயிறு அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறுமுகத்தின் தறி நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் தெருக்கோடியில் ஓடிய தறிகளின் டக்கு டக்கு அப்படியே உள்ளே வந்தது. அவனும் சும்மா இருப்பானா? கொட்டகையில் ஒலிபெருக்கியோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவன். ஒரு வெடி போட்டான். ஜம்புலிங்கம்கூட விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்ப கொலை நடந்த அன்னிக்கு அந்த ரூம்ல பாடியிருந்தா, கேசட்டுல தறி கேட்டே ஆகணும்," என்றான் சிங்காரம். "கேக்கலன்னா அது வேற நாள் பாடினது. ஆனா தறி ஓடாத நாள் எது மேடம்? இந்தத் தெருவுல ஞாயித்துக்கிழமைகூட ஓடுதே?"

"எல்லம்மாள் மொத நாள் நம்மகிட்ட அழுதுகிட்டே சொன்னாளே. எங்க வீட்டுக்காரரு ஒருநாள் தறிய நிறுத்தமாட்டாரு, அமாவாசை தவிரன்னு."

சிங்காரம் நடுத்தெருவில் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒரு வசவு வைத்துவிட்டுப் போனார்.

"அமாவாசை அன்னிக்கு நெசவாளி தறியத் தொடமாட்டான்," என்றாள் வள்ளிநாயகி. "தெருவே அடங்கிக் கெடக்கும். ஜன்னல் பிரயோஜனமில்லன்னு ஆனதும் ஜம்புலிங்கம் அமாவாசையாப் பாத்துப் பதிவு பண்ண ஆரம்பிச்சிருக்கான். கொலை நடந்தது பிரதமை. அதுக்கு முந்தின நாள்தான் அமாவாசை. முந்தின நாள் பாடின கேசட்டுமேல மறுநாள் தேதிய எழுதிக் குடுத்துட்டான்."

"மேடம்," என்றான் சிங்காரம், "ஒங்க கால்ல விழணும் போல இருக்கு. வெயில்ல தார் ஒட்டிக்கும்னு பாக்கறேன்."

இதைத்தான் அவள் இன்ஸ்பெக்டரிடமும் போன திங்கட்கிழமை சொன்னாள். பக்தவச்சலம் முரடர் இல்லை. முழுசாகக் கேட்டார். 'அம்மா, ஒங்க காது கேட்டதுக்குக் கோர்ட்ல மதிப்பில்ல. நானே உள்ள நின்னு கேக்கணும். ஜன்னல் அன்னிக்கு இருந்த ஜன்னல்தான்னும் தெரியணும். கிருத்திகை பந்தோபஸ்து முடியட்டும், சனிக்கிழமை வரேன். தறிச் சத்தம் என் காதுல விழுந்தா ஜம்புலிங்கத்தக் கூப்பிட்டுகினு போறேன். விழலன்னா திங்கக்கிழமை ஆறுமுகத்து மேல குற்றப்பத்திரிகை போயிடும்' என்று சொல்லிவிட்டார். ஜன்னல் சித்திரையிலேயே பொருத்தியது என்பதற்குத்தான் இன்றைக்கு தேசப்பன் கடைக்குப் போனது. அதுவும் கிடைத்தாகிவிட்டது.

தறிக்காரத் தெருவுக்குள் நுழையும்போதே காது அடைத்தது. ஆறுமுகத்தின் கொட்டகை மட்டும் ஊமையாக இருந்தது. வாசலில் எல்லம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். முப்பது வயசுதான் இருக்கும். இந்த மூன்று வாரத்தில் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"நல்லா கேட்டுக்கம்மா," என்றான் சிங்காரம். "நான் எதிர் வாசல்லேருந்து துண்ட ஆட்டினா நீ தறியப் போடு. நான் வந்து கைய ஒசத்தற வரைக்கும் நிறுத்தாத. பயப்படாத. உள்ள கேக்கறது போலீஸ் காது. மாமூலா பெருசாத்தான் இருக்கும்."

எல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைக் குற்றமாக நினைத்து உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு ஓட்ற மாதிரியே ஓட்டறேண்ணா. எனக்கும் தறி தெரியும். திங்கக்கிழமை வுட்ருவாங்களாண்ணா?"

"திங்கக்கிழமையா? ஞாயித்துக்கிழமையே கறி எடுத்து வை," என்றான் சிங்காரம். வள்ளிநாயகி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாக்கு கொடுப்பது அவர்கள் தொழிலில் இல்லை. அவன் கொடுத்துவிட்டான்.

சரியாக நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. ஜம்புலிங்கம் வாசல்வரை வந்து வரவேற்றான். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ஒற்றை ருத்திராட்சம். கல்யாணப் பாட்டுக்கு என்று வந்தவள் துப்பறிகிறவள் என்று தெரிந்தும் அவன் முகம் மாறவில்லை. எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொன்னான்.

"தாராளமா சோதிங்க சார்," என்றான் இன்ஸ்பெக்டரிடம். "ஆனந்தன் எனக்குத் தம்பி மாதிரி. அவன் சாவுக்கு நியாயம் கெடைக்கணும்னா இந்த வீட்டையே இடிச்சுப் பாருங்க."

வள்ளிநாயகியும் இன்ஸ்பெக்டரும் அறைக்குள் போனார்கள். சிங்காரம் வாசலில் நின்று துண்டைச் சுழற்றி ஆட்டினான். எதிர்க் கொட்டகையில் தறி ஒருமுறை முனகியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. டக்கு டக்கு டக்கு டக்கு. சந்தில் இருந்த நாய் எழுந்து ஓடியது. சிங்காரத்தின் பல் கூசியது. இதுவரை இந்தத் தெருவில் அவன் கேட்ட எந்தத் தறியும் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. சபாஷ் எல்லம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான்.

தறி நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றுதான் நினைத்தான். என்ன ஆயிற்று இவளுக்கு, நிறுத்தாதே என்றேனே என்று எரிச்சலோடு கதவைத் திறந்தான். சத்தம் மூஞ்சியில் அறைந்தது. மறுபடியும் சாத்தினான். ஒன்றுமில்லை. சுவரெல்லாம் சாக்கும் முட்டை அட்டையும் ஒட்டிய அந்தச் சின்ன அறையில் இன்ஸ்பெக்டரின் கைக்கடிகாரம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

வள்ளிநாயகி ஜன்னலுக்குப் போய்ப் பச்சைத் திரையை விலக்கினாள்.

இரண்டு கண்ணாடிகள். வெளியே இருந்தது விரல் மொத்தம். உள்ளே இருந்தது மெல்லிசு. சுற்றிலும் கறுப்பாக சைக்கிள் ட்யூப் பட்டை. மெல்லிசுக் கண்ணாடி தலைப்பக்கம் உள்வாங்கி, லேசாகச் சாய்ந்து நின்றது.

அதற்கு அப்பால், எதிர்க் கொட்டகையில் எல்லம்மாள் தெரிந்தாள். தறியில் நூல் சுமந்த நாடாக்கட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்தது. அவள் தலைமயிர் அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஒரு கையால் நூலைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நிமிர்ந்து இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு துளி சத்தம் வரவில்லை.

"இந்தக் கண்ணாடி எப்ப மாத்தினீங்க?" என்றாள் வள்ளிநாயகி. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பென்சில் மட்டும் நோட்டில் படாமல் அந்தரத்தில் நின்றது.

"புதன்கிழமைம்மா. பழசுல கீறல் விட்டுடுச்சு." ஜம்புலிங்கம் சிங்காரத்தின் பக்கம் திரும்பினான். நன்றாகப் பழகிய சிநேகிதனைப் பார்ப்பது போல முகமெல்லாம் மலர்ந்தது. "சாருக்குத்தான் நான் நன்றி சொல்லணும். ஞாயித்துக்கிழமை இங்க உக்காந்துகினு சொன்னாரு பாருங்க. 'இன்னா சார், கண்ணாடி ரெண்டும் இரட்டைப் புள்ள மாதிரி கீது, ஒண்ணு அழுதா இன்னொண்ணும் அழும். ஒண்ணு குண்டு ஒண்ணு ஒல்லியாப் போட்டு, ஒல்லியா இருக்கறவன குடிகாரன் மாதிரி செவுத்துல சாய்ச்சு வுடுங்க'ன்னாரு. வயிறு வலிக்கச் சிரிச்சேன். கடைக்காரரு சித்திரையில தலையால தண்ணி குடிச்சாரு, எனக்கு ஏறல. சார் ஒரு ஜோக்குல புரிய வெச்சுட்டாரு. வீட்ல சம்சாரத்தையும் சமாதானம் பண்ணிட்டேன்."

சிங்காரம் சாய்ந்து நின்ற அந்தக் கண்ணாடியைப் பார்த்தான். அவன்தான். அவன் வாய்தான். வெடி போட்டு எதிராளியைச் சிரிக்க வைத்தேன் என்று ஆறு நாளாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தானே, அந்த வெடி ஆறுமுகத்தின் தலையில் போய் விழுந்திருக்கிறது.

"பழைய கண்ணாடி எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தேசப்பன் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன் சார். வெச்சுகினு நான் இன்னா பண்றது?"

சிங்காரத்தின் தோளில் துணிப்பை இழுத்தது. அதன் கனம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முருகன் படத்தை வெளியே எடுத்து, பின்பக்க அட்டையைப் பிய்த்து, கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தான். சாதாரணப் படக் கண்ணாடி போல இரண்டு மடங்குக்கும் மேல். அஞ்சு எம்.எம்.

"சார், இதுதான் சார் அந்த ஜன்னல்," என்றான். "இது அந்த ஜன்னல்ல ஒரு துண்டு."

"மீதி?"

நேற்று கிருத்திகை. பள்ளிப்பட்டுக்கும் நகரிக்கும் புத்தூருக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் பஸ் ஏறிப் போன கூட்டத்தின் கைகளில் மீதி போய்விட்டது. இந்நேரம் அந்த ஜன்னல் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும். யாராவது பூப் போட்டிருப்பார்கள்.

"வேற ரெண்டு கண்ணாடி வாங்கலாம் சார்! அதே அஞ்சு எம்.எம்.! நானே தூக்கிகினு வரேன், இப்பவே மாட்டிப் பாக்கலாம்..."

"அது நீங்க மாட்டின ஜன்னலா இருக்கும் சிங்காரம்," என்றார் பக்தவச்சலம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கோர்ட்டு அன்னிக்கு இருந்த ஜன்னலக் கேக்கும். பழசுல எவ்ளோ சத்தம் வந்துச்சுன்னு இப்ப யார் சொல்றது? கடைக்காரரு உள்ள வந்து கேட்டாரா?"

"இல்ல," என்றாள் வள்ளிநாயகி.

"பழைய பதிவு ஏதாவது? அமாவாசை அல்லாத நாள்ல பாடினது?"

"தறி விழுந்த கேசட்டெல்லாம் அழிச்சு அதுமேலயே பாடிடுவேன் சார்," என்றான் ஜம்புலிங்கம் பணிவாக. "யாரு வாங்குவாங்க அத?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவருகில் வள்ளிநாயகியிடம் நின்று குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்ன அமாவாசைக் கணக்கு எனக்கும் தூக்கத்தக் கெடுக்குதும்மா. ஆனா என் காதுல விழுந்தது எதுவோ அதத்தான் நான் எழுத முடியும். ஒண்ணுமே விழலயே."

ஜீப் கிளம்பிப் போனது. ஜம்புலிங்கம் கும்பிட்டு வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சந்தில் இருவரும் நின்றார்கள். எதிரே தறி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்காரம் வள்ளிநாயகியின் முகத்தைப் பார்த்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

"கோர்ட்ல இருபது வருஷம் இருந்தேன்," என்றாள் அவள். "சாட்சி பேசி முடிச்சதும் வக்கீலுங்க ஒரு வார்த்தை கேப்பாங்க. 'அப்புறம்?' தேசப்பன் கிட்ட அந்த ஒரு வார்த்தைய நான் கேக்கல. எனக்கு வேண்டியது கெடச்சதும் நோட்ட மூடிட்டேன். கடைசியில என் வழிக்குத்தான் வருவாங்கன்னு அந்த மனுஷன் சொல்லவே சொன்னாரு."

"மேடம், நான்..."

"கைய ஒசத்து சிங்காரம். பாவம், அவ இன்னும் ஓட்டிகிட்டு இருக்கா."

அவன் கையை உயர்த்தினான். தறி தடுமாறி நின்றது. எல்லம்மாள் கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். முகத்தில் வேர்வை வழிந்தது, மூக்கின் மேல் பஞ்சு ஒட்டியிருந்தது, கண் மட்டும் மூன்று வாரத்தில் முதல்முறையாகப் பளிச்சென்று இருந்தது.

"கேட்டுச்சாண்ணா? நல்லா கேட்டுச்சா? காலைலேருந்து எண்ணெய்கூட வுடலண்ணா. சத்தம் நல்லா வரட்டும்னு. அவரு பாத்தா தறி தேஞ்சிடும்னு கத்துவாரு."

எந்த இடத்திலும், எவன் முன்னாலும், பிணத்துக்குப் பக்கத்தில்கூட சிங்காரத்துக்கு வார்த்தை வராமல் இருந்ததில்லை. இப்போது கையில் இருந்த படத்தைத்தான் அவனால் நீட்ட முடிந்தது. ஏன் நீட்டினான் என்று அப்புறம் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறான். அவனுக்கே தெரியவில்லை.

எல்லம்மாள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நல்ல சேதி வந்த வீட்டுக்குத்தானே சாமி படம் கொண்டுவருவார்கள்! இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"முருகா," என்றாள். "நல்ல கனமா கீதுண்ணா. இருங்க, ஆணி கீது உள்ள. அவரு வந்ததும் மொதல்ல இதத்தான் பாக்கணும்."

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சிங்காரம் ஓரடி எடுத்து வைத்தான். வள்ளிநாயகி குடையை மடக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"நீ இங்கயே இரு," என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனாள்.

தெருவில் மற்ற தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே பேசுவது அவன் காதில் விழவில்லை. வாசல் வழியாகப் பார்க்க மட்டும் முடிந்தது. எல்லம்மாள் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, ஒரு கையால் ஆணியைச் சுவரில் பிடித்துக்கொண்டு, சுத்தியலை ஓங்கியிருந்தாள். வள்ளிநாயகி அவள் அருகில் போய் நின்று ஏதோ சொன்னாள். எல்லம்மாள் சுத்தியலை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். வள்ளிநாயகி மறுபடியும் சொன்னாள், அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சுத்தியல் மெதுவாகக் கீழே இறங்கியது. சிங்காரம் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான்.